எட்டுக்குப் பதினாறு அடி

பெங்களூருவில் நடுத்தர வர்க்கத்தின் வீட்டுமனை என்றால் பெரும்பாலும் முப்பதுக்கு நாற்பதுதான். 1,200 சதுர அடி. கீழே வீட்டுக்காரர், மேலே ஒன்றோ இரண்டோ வாடகைப் பகுதிகள், உச்சியில் தண்ணீர்த் தொட்டி. வாசல் கேட்டைத் திறந்ததும் டைல்ஸ் போட்ட ஒரு தளம். அதன் மேல் உறை போர்த்திய கார். காருக்கும் வீட்டுப் படிக்கும் நடுவே, ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்கு ஒரு சந்து. மாலை நாலரை மணிக்கு அந்தப் படியில், கம்பிக் கதவுக்கு உட்பக்கம், மூன்று வயதுக் குழந்தை ஒன்று நின்றுகொண்டிருக்கும். வெளியே வெயில் சாய்ந்து காற்று சிலுசிலுக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு இயற்கை தந்த சலுகை அது. குழந்தை அதைக் கம்பி வழியாகப் பார்க்கும். சற்று நேரத்தில் யாராவது அதன் கையில் செல்போனைக் கொடுத்து உள்ளே அழைத்துப் போவார்கள்.

ஒரு கார் நிற்க ஏறக்குறைய எட்டடி அகலமும் பதினாறடி நீளமும் வேண்டும். அதாவது 128 சதுர அடி. மனையில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். பல வீடுகளில் படுக்கையறையே இவ்வளவுதான். வீடு கட்டத் திட்டமிடும் தம்பதி இன்ஜினியரிடம் முதலில் கேட்பது கார் எங்கே நிற்கும் என்று. பூஜை அறை எந்த மூலை என்பது அடுத்த கேள்வி. குழந்தை எங்கே விளையாடும் என்ற கேள்வி வரைபடத்துக்கு வருவதே இல்லை.

இந்த ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1898-ல் பிளேக் நோய் பெங்களூருவை உலுக்கியது. நெருக்கியடித்த பேட்டைத் தெருக்களில் நோய் பரவியதைப் பார்த்த நிர்வாகம், காற்றும் வெளிச்சமும் புகும் புதிய குடியிருப்புகளில் அக்கறை காட்டியது. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அந்தக் காலத்தை ஒட்டி உருவானவை. நேரான தெருக்கள், வீட்டைச் சுற்றிக் காலியிடம், முன்னால் தோட்டம், பின்னால் கொல்லை. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொல்லைக் கொய்யா மரமும் துணி துவைக்கும் கல்லும் இன்றும் நினைவிருக்கும். அந்தக் கல்தான் பிள்ளைகளுக்குக் கடை, ரயில், கோட்டை எல்லாம். தாத்தா காலத்து வீடு பேரன்கள் காலத்தில் நான்காகப் பிரிந்தது. நான்கும் கல்லும் சிமென்டும் ஆயின. கட்டட விதிகள் சுற்றிலும் விடச்சொல்லும் இடைவெளியில் மாடிப்படியும் கழிவறையும் முளைத்தன. எஞ்சிய முன்புறம் காருக்குப் போயிற்று.

இழப்பு வெறும் ஏக்கம் சார்ந்தது அல்ல. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடலை அசைத்து ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. திரைமுன் உட்காரும் நேரம் ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது. மூன்று மணி நேரம் என்பது இரண்டு பெட்ரூம் வீட்டுக்குள் நடக்கிற காரியமல்ல. சோபாவும் டி.வி.யும் அதைத் தாங்காது, கீழ்வீட்டுக்காரரும் தாங்கமாட்டார்.

கண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவு இன்னொரு காரணம். சீனாவின் குவாங்சௌ நகரில் முதல் வகுப்புக் குழந்தைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வழக்கம்போல் வகுப்பறையிலேயே இருந்தவர்களில் அது 39.5 சதவீதம். 2015-ல் வெளியான இந்த ஆய்வு உலகெங்கும் கண் மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. டியூப்லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான் இருக்கும். வெளியிலோ மேகமூட்டமான நாளிலும் அதைப் போலப் பல மடங்கு. கண்ணாடிக் கடைக்குத் தரும் பணத்தைவிட வாசல் வெளிச்சம் மலிவு.

மண்ணைப் பற்றியும் புதிய சேதி உண்டு. பின்லாந்தில் சில குழந்தைகள் காப்பகங்களின் சரளைக்கல் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து பரப்பினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுள்ள 75 குழந்தைகள் ஆய்வில் இருந்தார்கள். 28 நாட்களில், மண்ணில் அளைந்தவர்களின் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் கூடின. நோய் எதிர்ப்பைச் சீராக்கும் அடையாளங்கள் ரத்தத்தில் மேம்பட்டன. 2020-ல் வெளியான சிறிய ஆய்வுதான். ஆனால் ‘சீ, மண்ணைத் தொடாதே’ என்று அதட்டுவதற்கு முன் ஒரு கணம் தயங்க வைக்கும் ஆய்வு.

தமிழுக்கு இதெல்லாம் புதிதா என்ன? பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் தெய்வத்தையே குழந்தையாக்கி முற்றத்தில் இறக்கிவிட்டவர்கள். சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைக் கலைப்பதற்கு ஒரு பருவம், சிறுதேர் உருட்ட ஒரு பருவம், பெண் குழந்தை ஊஞ்சலாட ஒரு பருவம். மணல், தேர், ஊஞ்சல்: மூன்றும் வெளியில் நடப்பவை. அங்கன்வாடி என்ற சொல்லிலும் முற்றம்தான் இருக்கிறது. தாராபாய் மோடக் என்ற கல்வியாளர் 1945-ல் போர்டி கிராமத்தில், பள்ளிக்கு வர இயலாத ஏழைக் குழந்தைகளைத் தேடி அவர்கள் வாசல் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். முற்றத்துப் பள்ளிதான் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. பெயரில் முற்றம் நிலைத்துவிட்டது. வீட்டில்தான் இல்லாமல் போயிற்று.

அதை மீட்க முடியுமா? எட்டுக்குப் பதினாறு அடியில் முடியும். லட்ச ரூபாய்ச் சறுக்கு மரமோ ரப்பர் தளமோ தேவையில்லை. கடைப் பிளாஸ்டிக் சறுக்கு மரத்தில் குழந்தை முதல் நாள் நூறு முறை சறுக்கும். மறுவாரம் அதில் துணி காயும்.

முதல் வேலை, பெங்களூரு வீடு என்பதால், சம்ப். வாரத்துக்குச் சில நாட்களே வரும் காவிரித் தண்ணீரைச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி இந்த ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. அதன் மூடி பெரும்பாலும் இருப்பது இதே கார் நிற்கும் இடத்தின் நடுவில்தான். கார் நிற்கும் வரை அது யார் கண்ணிலும் படாது. கார் நகர்ந்ததும் அதுதான் வீட்டிலேயே ஆபத்தான இடம். துருப்பிடித்த தகர மூடி, விரிசல் விட்ட சிமென்டுப் பலகை எதுவும் கூடாது. கனத்த இரும்பு மூடி, அதற்கு ஒரு பூட்டு, அதற்கு அடியில் ஒரு கம்பி வலை என்று மூன்றும் போட்ட பிறகே மற்றதைப் பற்றி யோசிக்கலாம். தண்ணீர் லாரி வரும் நாளில் மூடி திறந்தால், மூடும் வரை ஒருவர் அருகில் நிற்க வேண்டும். தள்ளிவிடும் இரும்பு கேட் தண்டவாளத்தை விட்டு விழாதபடி இரு முனையிலும் தடுப்பு இருக்கிறதா என்பது அடுத்த சோதனை. மின்மீட்டர் பெட்டிக்குக் கதவும் பூட்டும் மூன்றாவது.

அதற்குப் பிறகு மணல். எந்தக் குழந்தையைக் கேட்டாலும் ஊரிலேயே சிறந்த விளையாட்டு மைதானம் எது என்று சொல்லும்: கட்டுகிற வீட்டின் முன்னால் கொட்டிக் கிடக்கும் மணல் குவியல். டென்மார்க்கைச் சேர்ந்த தோட்டக் கலைஞர் சோரென்சன் இதைக் கவனித்தார். அழகாக வடிவமைத்த பூங்காக்களைவிட கட்டட வேலை நடக்கும் இடங்களில்தான் பிள்ளைகள் மெய்மறந்து விளையாடினார்கள். விளைவு, 1943-ல் கோபன்ஹேகன் அருகே எம்ட்ரூப்பில் திறந்த ‘குப்பை மைதானம்’. பலகை, செங்கல், கயிறு, மண் ஆகியவை மட்டுமே அங்கே இருந்தன. மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் நாலுக்கு நாலு அடி மணல் குழி போதும். மண் தரையானால் தோண்டலாம். தளம் போட்ட இடமானால் மூன்று வரிசை செங்கல்லை விளிம்பாகக் கட்டினால் முக்கால் அடி ஆழம் கிடைக்கும். அடிவரிசைச் செங்கற்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளிகள் விட்டால் மழைநீர் வடியும். சாக்கை உள்ளே விரித்தால் மணல் வெளியே போகாது. செங்கல் விளிம்பு பெரியவர்கள் உட்காரவும் ஆகும். இதற்குப் பன்னிரண்டு கன அடி மணல் பிடிக்கும். எடை ஏறக்குறைய அரை டன். கழுவிச் சலித்த ஆற்று மணலாக இருக்க வேண்டும். இப்போது கட்டட வேலையில் எங்கும் புழங்கும் எம்-சாண்ட், பாறையை உடைத்துச் செய்வது. முனைகள் கூர்மையானவை, தூசியும் அதிகம். குழந்தையின் கைக்கும் மூச்சுக்கும் அது உகந்ததல்ல. பூனைகள் மணலைத் தங்கள் உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளும் என்பதால், இரவில் பலகையோ நெருக்கமான வலையோ போட்டு மூட வேண்டும். வாரம் ஒருமுறை கிளறி வெயில் படவிட்டால் நல்லது.

மணலுக்குப் பக்கத்தில் சமையலறை. இரண்டு செங்கல், அதன் மேல் ஒரு பலகை, ஓட்டை விழுந்த வாணலி, கொட்டாங்குச்சிகள், ஒரு கரண்டி, ஒரு புனல். சொப்புச் சாமான் என்று பாட்டிமார்கள் சொன்னது இதைத்தான். செம்மண்ணில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் இட்லி, உளுந்து வடை, கல்யாணச் சாப்பாடு எல்லாம் தயார். எத்தனை வகையாகவும் மாற்றிச் சேர்க்கக்கூடிய தனித்தனிப் பொருட்கள் எவ்வளவு அதிகமோ, கற்பனையும் அவ்வளவு அதிகம் என்று 1971-ல் பிரிட்டிஷ் சிற்பி சைமன் நிக்கல்சன் எழுதிய கட்டுரை இன்றும் குழந்தைக் கல்வியில் பேசப்படுகிறது. கூட்டாஞ்சோறு ஆக்கிய பிள்ளைகள் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான். ஒரே ஓர் எச்சரிக்கை: மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் புளியங்கொட்டை, கோலி, மணி போன்றவை வேண்டாம். வாய்க்குள் போகும், தொண்டையில் சிக்கும்.

தண்ணீர் பெங்களூருவில் விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள். காவிரி இங்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மேட்டில் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி நகரமே குடத்துடன் அலைந்தது. எனவே குழாயைத் திறந்துவிடுவதல்ல வழி. காலையில் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் ஒரு வாளி போதும். ஊற்றி, அள்ளி, மிதக்கவிட்டு, கடைசியில் செடிக்குப் போகும். தண்ணீர் அளவான பொருள் என்ற பாடம் அப்போதே படிந்துவிடும். விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்க்க வேண்டும். சில அங்குலத் தண்ணீர்கூட, தலைகீழாக விழுந்த சிறு குழந்தையின் உயிரை வாங்கப் போதுமானது. டெங்குக் கொசுவுக்கும் அதுவே போதும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும் என்பதால், தண்ணீர் தேங்கும் எதையும் வாரம் ஒருமுறையாவது காலி செய்துவிட வேண்டும்.

ஏறுவதற்கும் தாவுவதற்கும் பழைய டயர்கள். இதில் பெங்களூருவே நாட்டுக்கு வழிகாட்டியிருக்கிறது. ஐ.ஐ.டி. கரக்பூரில் கட்டடக் கலை படித்த பூஜா ராய் தொடங்கிய ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு பெங்களூருவிலிருந்து இயங்குகிறது. மாணவியாக அவர் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனபோது, அங்கே பிள்ளைகள் பிய்ந்த செருப்பை மட்டையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியில் தொடங்கியது அவரது வேலை. தேய்ந்த டயர்களைச் சாயம் பூசி, அடுக்கி, புதைத்து, அரசுப் பள்ளிகளிலும் பொது இடங்களிலுமாக நூற்றுக்கணக்கான விளையாட்டிடங்களை இந்த அமைப்பு நாடெங்கும் உருவாக்கியிருக்கிறது. வீட்டுக்கு நான்கைந்து ஸ்கூட்டர் டயர் போதும். பஞ்சர் கடைக்காரர் கேட்டால் தருவார். தேய்ந்த இடத்தில் கம்பி நீட்டியிருக்கிறதா என்று விரலால் அல்ல, துணியால் தடவிப் பார்க்க வேண்டும். படுக்கவைக்கும் டயரின் அடியில் நாலைந்து துளை போடாவிட்டால் மழைக்காலத்தில் அது கொசுப் பண்ணை. இரண்டு டயர்களின் மேல் முக்கால் அடி அகலப் பலகை ஒன்றை ஆடாமல் கட்டிவிட்டால், நடந்து போக ஒரு பாலம்.

உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. முக்கால் அடி மணலின் மேல் நாலடி உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும் என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. வெறும் சிமென்டுத் தரையின் மேலோ, ஓரடிக்கு மேல் எதுவும் வேண்டாம். ஊஞ்சல்? பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் முன்னும் பின்னும் அது வீசும் தூரத்தைக் கணக்கிட்டால் எட்டுக்குப் பதினாறு அடியை அது ஒன்றே விழுங்கிவிடும். பின்னால் தவழ்ந்து வரும் தம்பிப் பாப்பாவின் நெற்றியும் அதற்கு இலக்கு. ஊஞ்சலைப் பூங்காவுக்கு விட்டுவிடலாம்.

மீதி இடம் வெறுமையாக இருக்கட்டும். சுண்ணாம்புக் கட்டியால் அதில் பாண்டிக் கட்டம் வரையலாம். பக்கத்து வீட்டுக் கன்னடக் குழந்தை அதைக் குண்டெபில்லெ என்று சொல்லும். ஆட்டம் ஒன்றுதான், சண்டையும் ஒன்றுதான். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் ஒவ்வொரு நாள் உச்சிவேளையில் சூரியன் பெங்களூருவின் தலைக்கு நேர் மேலே வரும். நிமிர்ந்து நிற்கும் குச்சியின் நிழல் அப்போது காணாமல் போகும். பள்ளிப் புத்தகத்துக்கு முன்னாலேயே அந்த விந்தை வாசலில் கிடைத்துவிடும்.

நிழலுக்கு வேலியோரம் ஒரு மரம் வைத்தால் பத்து ஆண்டுக்குப் பலன். புங்கை நின்று வளரும். சீக்கிரம் வேண்டுமானால் தேன்பழ மரம் இரண்டு, மூன்று ஆண்டில் குடை விரித்து, சிவப்புப் பழமும் அணிலும் கொடுக்கும். தொட்டிகளில் கற்பூரவல்லி, துளசி, புதினா வைக்கலாம். கிள்ளி முகரலாம், வாயில் போட்டாலும் பயமில்லை. வாசலை அழகுபடுத்தும் அரளியும் மஞ்சள் அரளியும் அப்படியல்ல, நஞ்சு. ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி, வீட்டுக்குள் அலங்காரமாக வைக்கும் டீஃபன்பாக்கியா ஆகியவையும் குழந்தை புழங்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள், மாடிப் பகுதியில் குடியிருப்பவர்கள் என்ன செய்வது? மொட்டை மாடி இருக்கிறதே என்று தோன்றும். இருக்கிறது, ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் புழங்கு பளு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. ஓரடி ஆழத்துக்கு மணலைக் கொட்டினால் உலர்ந்த நிலையிலேயே சதுர மீட்டருக்கு 480 கிலோவைத் தொடும். நனைந்தால் இன்னும் கூடும். எனவே மாடியில் மணல் குழி கூடாது. அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் இரண்டங்குல மணல் போதும். கைப்பிடிச் சுவர் குழந்தையின் தலைக்கு மேல் இருக்க வேண்டும். கம்பியானால் இடைவெளி நாலங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதைவிட முக்கியம், சுவரோரம் தொட்டி, நாற்காலி, அட்டைப்பெட்டி என்று ஏறி நிற்கக்கூடிய எதுவும் கூடாது. மாடி, பால்கனி இரண்டுக்கும் விதி ஒன்றே: பெரியவர் இருந்தால் திறக்கும், அவர் எழுந்தால் மூடும்.

பெங்களூருவில் இளம் பெற்றோர்களில் பெரும் பகுதியினர் வாடகைக்கு இருப்பவர்கள். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடியேறிய வீட்டில் ஆணி அடிக்கவே யோசிப்பார்கள். அவர்களுக்கு மேலே சொன்னதில் கட்டுமானம் எதுவும் தேவையில்லை. டயர், பலகை, தொட்டி மணல், சொப்பு, வாளி எல்லாம் சேர்த்து, வீடு மாறும்போது மினி லாரியில் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். வீட்டுக்காரர் முணுமுணுத்தால் அவர் பேரனையும் விளையாட அழைப்பது அனுபவஸ்தர்கள் கண்ட தீர்வு.

காரை என்ன செய்வது? தெருவில் நிறுத்தினால் போயிற்று என்பது பதிலாகாது. தெருவும் பிள்ளைகளுடையதுதான்; அதைக் கார்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் வழி தெரியும். அலுவலகத்துக்குப் போகும் கார் மாலை ஏழுக்கு முன் இந்த ஊர் நெரிசலில் வீடு திரும்புவதில்லை. குழந்தைக்கு வேண்டியது நாலிலிருந்து ஆறரை. இரண்டும் மோதவே இல்லை. மணல் குழியைச் சக்கரம் படாத ஓரத்தில் கட்டி, எண்ணெய் சொட்டிய இடத்தைக் கழுவி, மற்றதையெல்லாம் கூடையில் போட்டு எடுத்து வைத்தால் ஒரே இடம் இருவருக்கும் ஆகும். மெட்ரோவில் போகிறவர்களின் கார் வாரம் முழுக்க உறைக்குள் உறங்குகிறது. அங்கே கேள்வி இன்னும் எளிது. இரண்டாவது கார் வாங்க நினைக்கும் வீட்டில் அதன் உண்மை விலையில் இந்த 128 சதுர அடியையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இடம் கிடைத்துவிடும். கிடைக்கக் கடினமானது வேறொன்று: அருகே உட்கார்ந்திருக்க ஒரு பெரியவர். சொல்லித் தருவதற்கு அல்ல, சும்மா இருப்பதற்கு. கீரை ஆய்ந்துகொண்டோ பேப்பர் படித்துக்கொண்டோ இருக்கும் பாட்டியோ தாத்தாவோ இதற்குப் பொருத்தமானவர்கள். விழுந்தால் தூக்கலாம். விழும் முன்பே தூக்க வேண்டாம். பழைய சட்டை ஒன்றை ‘மண் சட்டை’ என்று ஒதுக்கி வைத்தால் அழுக்கைப் பற்றிய சண்டை பாதி தீரும். வாசலிலேயே கால் கழுவ ஒரு செம்பு இருந்தால் மீதியும் தீரும்.

ஆனால் எவ்வளவு நன்றாக அமைத்தாலும் வீட்டு முற்றத்தில் ஒரு குறை உண்டு. அதில் இன்னொரு குழந்தை இல்லை. ஒற்றைப் பிள்ளை தனியாக ஆளும் மணல் குழி நாலாம் நாள் அலுத்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கரண்டியைப் பிடுங்கும்போதுதான் அது விளையாட்டாகிறது. கேட்டைத் திறந்து வைக்காத முற்றம் பெரிய தொட்டில், அவ்வளவே.

போருக்குப் பிந்திய ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் இதைத்தான் செய்தார். 1947 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் வீடுகளுக்கு நடுவே கிடந்த காலி மனைகள், நடைபாதை மூலைகள் என எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை அந்த நகரம் அமைத்தது. பெரும்பாலும் ஒரு மணல் குழி, உட்கார அகலமான விளிம்பு, சில எளிய கம்பிகள். வேலியில்லை, கட்டணமில்லை. சாய்வான மேற்குச் சூரியனுக்கு ஏங்கும் ஊரில் முடிந்தது, ஆண்டு முழுக்க வெளியே இருக்கத் தகுந்த பெங்களூருவில் முடியாதா?

பெங்களூருக்காரர்கள் அதற்காக ஒருமுறை கோர்ட் ஏறியவர்கள். ராஜ்மஹல் விலாஸ் விரிவாக்கப் பகுதியில், பூங்காவுக்கு என்று வரைபடத்தில் ஒதுக்கிய நிலம் எழுபதுகளில் ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு ஆஸ்பத்திரி கட்டத் தரப்பட்டது. ஆஸ்பத்திரி நல்ல காரியம்தானே என்று யாரும் கேட்கலாம். அப்பகுதிவாசிகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒற்றை நீதிபதியிடம் தோற்று, டிவிஷன் பெஞ்சில் வென்று, வழக்கு டெல்லி வரை போயிற்று. 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. காற்றுக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் விட்ட திறந்த வெளி, அரசு நினைத்தபடி தூக்கிக் கொடுக்கக்கூடிய சொத்து அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாடெங்கும் பூங்கா நிலத்தைக் காக்கும் வழக்குகளில் ‘முத்தப்பா வழக்கு’ இன்றும் மேற்கோளாக வருகிறது. அடுத்த ஆண்டே, 1992 டிசம்பரில், விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது.

உரிமை இருக்கிறது, ஆனால் பூங்காவின் கேட் பலகையில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்றும் இருக்கிறது. பூங்காக்களைக் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்து வைக்க 2024-ல்தான் பெங்களூருவில் உத்தரவு வந்தது. அதற்கு முன் நடுப்பகலில் பூட்டு. நடைப்பயிற்சிக்காரர்களுக்குப் பாதை உண்டு, புல்தரைக்கு வேலி உண்டு, மணலில் உட்கார இரண்டு வயதுக் குழந்தைக்கு மட்டும் மூலை இல்லை. வீட்டு வாசலில் மணல் குழி கட்டிய பெற்றோர்களுக்கு அதைக் கேட்கும் தகுதி தனியாக உண்டு. ஐந்நூறு கிலோ மணலும் நாலு டயரும் என்ன செய்யும் என்று அவர்கள் பார்த்தவர்கள். அந்த அளவைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வைத்துப் பேசலாம். பூங்காவின் ஒரு மூலையில் எட்டுக்குப் பதினாறு அடி கேட்கலாம்.

குழந்தைக்கு மூன்று வயது ஒருமுறைதான் வரும். கார் கடனுக்குத் தவணை ஐந்து, ஏழு ஆண்டுகள். அந்தத் தவணை முடியும்போது கார் பழசாகியிருக்கும், குழந்தை டியூஷனுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதற்குள் ஒரு மாலையாவது கம்பிக் கதவு திறந்தால், நாளை காலை பெருக்க வாசலில் கொஞ்சம் மணல் சிந்திக் கிடக்கும்.